பாம்பாறு தடம் மாறிவிட்டதா?

நீங்கள் கேட்டது இது: "எங்கள் பூர்வீகம் காரைக்குடிக்கு வடகிழக்கே ஒரு கிராமம். பாம்பாறு ஊருக்கு வடக்கே ஓடியது என்று அப்பத்தா சொல்வார்கள். இப்போது ஊருக்குத் தெற்கே இருக்கும் பாலத்தில்தான் 'பாம்பாறு' என்று பலகை இருக்கிறது, அதிலும் தண்ணீர் இல்லை. மேப்பில் பார்த்தால் நீலக்கோடு ஒரு கண்மாயில் போய் நின்றுவிடுகிறது, கொஞ்ச தூரம் தள்ளித் திரும்பத் தொடங்குகிறது. ஆறு தடம் மாறிவிட்டதா? ஊரில் பணம் போட்டு பொக்லைன் வைத்து ஆற்றை நேராக வெட்டலாம் என்கிறார்கள், வெட்டலாமா?"

அப்பத்தா சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பலகையும் தப்பாக இருக்க வேண்டியதில்லை. மேப்பில் கோடு கண்மாயில் போய் நிற்பது நிச்சயமாகச் சரி, ஏனென்றால் ஆறே அங்கே நின்றுதான் போகிறது. நேராக வெட்டுவது மட்டும் வேண்டாம். ஏன் என்பதற்கு அந்த ஆறு எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். இணையத்தில் பாம்பாறு என்று தேடினால் மறையூர்ப் பக்கம் பிறந்து அமராவதியில் சேரும் பாம்பாறு வரும், ஊத்தங்கரைப் பக்கம் அணை கட்டிய பாம்பாறு வரும். இரண்டுக்கும் நம் ஆற்றுக்கும் சம்பந்தம் இல்லை. நம் பாம்பாறு புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் வட்டாரத்துக் கண்மாய்களின் உபரி நீரில் உருவாகி, தென்கிழக்காக இறங்கி, இராமநாதபுரம் மாவட்டக் கரையில் சுந்தரபாண்டியன்பட்டினம் பக்கம் பாக் நீரிணையில் சேர்வது. வடக்கே தெற்கு வெள்ளாறு. தெற்கே மணிமுத்தாறு, விரிசுளி ஆறு, சருகணி ஆறு, கோட்டக்கரை ஆறு என்று வரிசையாக வந்து வைகையில் முடியும். இந்தச் சின்ன ஆறுகளை அரசின் நீர்க்கணக்கில் பாம்பாறு - கோட்டக்கரையாறு வடிநிலம் என்று ஒன்றாகச் சேர்த்து எழுதுவார்கள். தனித்தனியாகக் கணக்கு எழுதும் அளவுக்கு ஒவ்வொன்றும் பெரிதில்லை என்பது ஒரு காரணம். வெள்ளக் காலத்தில் ஒன்றின் தண்ணீர் எங்கே முடிந்து அடுத்ததன் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம் என்பது, என் பார்வையில், அதைவிடப் பெரிய காரணம்.

வைகைக்கும் தாமிரபரணிக்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. பாம்பாற்றுக்குப் பின்னால் மலையே இல்லை. திருமயத்துக் கோட்டைப் பாறையும் குன்றக்குடி, பிள்ளையார்பட்டிக் குன்றுகளும்தான் கண்ணுக்கு எட்டிய உயரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இடிமழைதான் கிடைக்கும். வருடத்துக்குச் சுமார் 900 மி.மீ. மழை, அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். 100 மி.மீ. மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் அது 10 கோடி லிட்டர். அவ்வளவு தண்ணீர் ஒரே இரவில் வந்து விழுந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் ஒரு சொட்டு இல்லை என்றால், நிரந்தரமாக ஒரு தடத்தில் ஓடும் ஆறு எப்படி உருவாகும்?

சரிவையும் பாருங்கள். காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து தோராயமாக 80, 90 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டரே இறங்கும் நிலம். தாம்பாளத்தை ஒரு பக்கம் இலேசாகத் தூக்கி வைத்து அதில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் வழியும் என்று சொல்ல முடியாது, ஒரு விரல் அழுத்தம் போதும் திசை மாற. இந்தச் சமவெளியில் ஆற்றின் திசையை மாற்ற மலைச்சரிவோ பூகம்பமோ தேவையில்லை. அரை அடி மண் போதும்.

அந்த அரை அடியைக் கையில் வைத்திருந்தவர்கள் நம் முன்னோர்கள். ஓடி வரும் தண்ணீரைக் குறுக்கே பிறை வடிவத்தில் கரை போட்டு நிறுத்தினார்கள், அது கண்மாய். நிரம்பி மிஞ்சியது கரையின் ஒரு முனையில் இருக்கும் கலுங்கு வழியாக வெளியே போகும். அந்த மறுகால் தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி, அடுத்த கண்மாயின் வரத்துக்காலாக மாறும். அங்கும் நிரம்பினால் அந்தக் கலுங்கு, அதற்கடுத்த கண்மாய். இப்படிச் சங்கிலியாகக் கடல் வரைக்கும். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. அவை மிக நெருக்கமாகக் கிடக்கும் பகுதிகளில் பழைய இராமநாதபுரம் சீமையும் ஒன்று. பாம்பாறு என்று நாம் சொல்வது இந்தச் சங்கிலியில் ஒரு கலுங்குக்கும் அடுத்த கண்மாய்க்கும் இடையிலுள்ள துண்டுகளைத்தான். மேப்பில் கோடு அறுந்து அறுந்து தெரிவது அதனால்தான். கோடு அறுந்த இடத்தில் கண்மாய் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஊர் வடக்கு, தெற்கு விவகாரம். கண்மாயை நம்பிப் பிழைக்கும் ஊர், கரைக்குக் கீழே, கண்மாய்த் தண்ணீரில் விளையும் வயல்களான ஆயக்கட்டை ஒட்டி இருக்கும். கரை பிறை வடிவம், வயலுக்குத் தண்ணீர் விடும் மடைகள் நடுவில், கலுங்கு ஓரத்து முனையில். பெரிய கண்மாய்கள் பலவற்றுக்கு இரண்டு முனையிலும் கலுங்கு உண்டு. வட முனைக் கலுங்கில் தண்ணீர் போனால் ஆறு ஊருக்கு வடக்கே ஓடும். தென் முனையில் போனால் ஊருக்குத் தெற்கே. எந்தக் கலுங்கின் மட்டம் தாழ்வோ அதில்தான் முதலில் வழியும். சாதாரண மழை வருடங்களில் அந்த ஒன்றில் மட்டும்தான் வழியும், மற்றது பெருவெள்ளத்துக்கு மட்டும் திறக்கும். ஆகவே உங்கள் ஊர் ஆறு வடக்கிலிருந்து தெற்குக்குப் போனது என்றால், நான் முதலில் ஆற்றுப் படுகைக்குப் போக மாட்டேன். கண்மாய்க் கரையேறி இரண்டு கலுங்கின் மட்டத்தையும் அளப்பேன்.

மட்டம் எப்படி மாறுகிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி. பழைய கலுங்குகளில் தளத்தின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். மழை ஓயும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே களிமண்ணும் வைக்கோலும் புல்கட்டியும் வைத்து அடைத்து, இன்னும் ஒரு முழம் தண்ணீர் சேர்த்துக்கொள்வார்கள். எப்போது அடைப்பது, எவ்வளவு உயரம் அடைப்பது என்பதில் மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் எழுதப்படாத ஒப்பந்தம் இருக்கும். அதை மீறினால் மேலே உள்வாயில், அதாவது கண்மாயின் உட்பக்கத்தில், இருக்கும் புஞ்சைகள் மூழ்கும், கீழே கண்மாய் காயும். இதைக் காப்பாற்றியவர்கள் நீர்ப்பாய்ச்சிகள். மடை திறப்பதும் அடைப்பதும் அவர்கள் பொறுப்பு, அறுவடையில் நெல்லாக அவர்களுக்குக் கூலி. அந்த ஏற்பாடு போன ஊர்களில் அடைத்தது அடைத்தபடியே வருடக்கணக்கில் கிடக்கிறது. முன்பு மண்ணால் அடைத்த இடத்தில் இப்போது சிமென்ட் பூசியிருக்கும். அந்தக் கலுங்கு அப்புறம் ஓடுமா?

உடைப்பு இன்னொரு காரணம். அடைமழையில் கரை ஓரிடத்தில் உடைந்தால், ஒரு இரவில் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் பறிந்து, கீழே வயல்களைக் கிழித்துக்கொண்டு புது ஓடை ஒன்று உண்டாகும். உடைந்த இடத்தைப் பலப்படுத்தச் செலவு அதிகம் என்பதால், அங்கேயே ஒரு கலுங்கைக் கட்டிவிடுவது உண்டு. அதோடு ஆற்றுக்குப் புது வாசல் கிடைத்துவிடும், பழைய வாசலுக்கு முன்னால் வண்டல் ஏறி மேடாகும். இரண்டு தலைமுறை கழித்துப் பழைய மறுகால் யாருடைய வேர்க்கடலைக் கொல்லையாகவோ மாறியிருக்கும். சீரமைப்பே ஆற்றை இடம் மாற்றியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கண்மாயில் சிதைந்த பழைய கற்கலுங்கை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டினார்கள். பழைய மட்டத்தைக் குறித்து வைக்காமல் கட்டியதால் முழங்கை அளவு உயர்ந்துவிட்டது. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் எதிர் முனைக்குப் போய், அதுவரை அந்த ஆற்றையே பார்க்காத ஒரு ஊரின் நெல்லை மூழ்கடித்தது. கீழே மூன்று கண்மாய்கள் அந்த வருடம் நிரம்பவில்லை.

உங்கள் ஊர் பாலத்துப் பலகைக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கும். பாம்பாற்றின் மேல்பகுதி புதுக்கோட்டை சமஸ்தானம், கீழே சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்கள். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. அதே 1948-இல்தான் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. ஜமீன் கிராமங்களில் முறையான அரசு நில அளவை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நடந்தது. அளக்க வந்த வருடத்தில் எந்த ஓடையில் தண்ணீர் போனதோ அதுவே 'ஆறு' என்றும் 'ஓடை புறம்போக்கு' என்றும் பதிவாகிவிட்டது. அதற்கு முன் ஓடியது பட்டாவாகவும் போயிருக்கலாம், தரிசாகவும் போயிருக்கலாம். சாலைக்காரர்கள் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் பலகை வைப்பார்கள். அப்பத்தாவின் நினைவு அளவைக்கு முந்திய ஆற்றைச் சொல்கிறது, பலகை அளவைக்குப் பிந்திய ஆற்றைச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

இந்த ஆறு ஒரு காலத்தில் அரசுகளின் எல்லையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இதை நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் அறிவதில்லை. 1730-ஐ ஒட்டி, இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமையில் வாரிசுச் சண்டை வந்தது. கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சை மராட்டிய அரசரின் படை உதவியோடு, அப்போது அரியணையில் இருந்த பவானி சங்கரத் தேவரை வென்றார்கள். அதற்கு விலையாகப் பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த பகுதி தஞ்சைக்குப் போனது. தெற்கே இருந்தது ஐந்து பங்காகி, மூன்று இராமநாதபுரத்துக்கும் இரண்டு சசிவர்ணருக்கும் சேர்ந்தது. அந்த இரண்டு பங்குதான் சிவகங்கைச் சீமை. சிவகங்கை பிறந்த கணக்கிலேயே இந்தச் சின்ன ஆற்றுக்கு இடம் இருக்கிறது. தண்ணீர் வராத பாலத்தைப் பார்த்து இது ஒரு ஆறா என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கீழே கடற்கரைப் பக்கம் கதை வேறு. அங்கே செம்மண் முடிந்து வண்டலும் உவர்நிலமும் வரும், சரிவு இன்னும் குறையும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அலையும் நீரோட்டமும் கரையோரமாக மணலைத் தள்ளி ஆற்றின் முகத்தை அடைத்துவிடும். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அந்த மணல்திட்டை உடைக்க யாரும் இல்லை. வெள்ளம் வந்ததும் திட்டில் எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு கடலுக்குள் இறங்கும். அடுத்த வருடம் வேறு இடம். முகத்துவாரம் இடம் மாறுவது இயற்கை, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னும் தெற்கே போனால் வைகையே தன் பழைய தடங்களை இராமநாதபுரம் சமவெளியில் விசிறி போல விட்டுவிட்டு வந்திருப்பது செயற்கைக்கோள் படங்களில் தெரியும். அந்தப் பழைய தடங்களின் பள்ளங்களைப் பயன்படுத்தித்தான் பல கண்மாய்கள் எழுந்தன.

கடந்த சில பத்தாண்டுகளில் நடந்தது இயற்கையும் இல்லை, பழைய நிர்வாகமும் இல்லை. படுகையில் மணல் அள்ளினார்கள். மணல் போனால் படுகை தாழும், வரத்துக்கால் பிரியும் தலைவாய் அந்தரத்தில் நிற்கும். ஆற்றில் தண்ணீர் போகும், கண்மாய்க்குள் ஏறாது. சீமைக்கருவேலம் படுகைக்குள் புகுந்து ஒவ்வொரு தூரிலும் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஓட்டம் இரண்டாக மூன்றாகப் பிரிந்து கரையை அரிக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவால் ஊர் ஊராக வெட்டினார்கள். தூரோடு பிடுங்காத இடங்களில் மறுபடி அடர்ந்து நிற்கிறது. திருமயம், காரைக்குடிப் பக்கத்துச் செம்புறாங்கல் (லேட்டரைட்) மேடுகளில் தைல மரம் நட்டு, மழைத்தண்ணீர் அங்கேயே நிற்க வரப்பு வரப்பாக வெட்டியிருக்கிறார்கள். இந்த மேடுகள்தான் ஓடைகளின் பிறப்பிடம். அங்கே தண்ணீரைப் பிடித்துவிட்டால் கீழே கண்மாய்க்கு என்ன வரும்? எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். மணல் ஒரு நாள் திரும்பச் சேரும், கருவேலத்தைப் பிடுங்கலாம். நீர்ப்பிடிப்பையே இழந்த ஆற்றுக்கு என்ன செய்வது?

செம்புறாங்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும், கீழே மணற்பாறைக்கு அனுப்பும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரின் இனிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்களில் நிற்கும் தண்ணீர் விளைச்சலுக்கு மட்டும் இல்லை, நிலத்தடிக்கும் அதுவே வழி. செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் ஊருணிகளைக் கல்படி கட்டி, கண்மாயிலிருந்து பிரித்துத் தனி வரத்து வைத்து, கால் நனைக்கக்கூட விடாமல் காத்தது குடிதண்ணீருக்காக. கிணற்றைக் காத்தவை கண்மாய்கள்.

பழைய தடம் எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடமும், ஒவ்வொரு நிலத்தின் அளவுப்படமான புலப்படமும், நிலப் பதிவேடான 'அ' பதிவேடும் எடுத்து, கண்மாயின் வட முனையிலிருந்து புறப்படும் வாய்க்கால், ஓடை புறம்போக்கு எண்களை வரிசையாகக் குறியுங்கள். துண்டு துண்டாகக் கிடந்தாலும் கோடாகச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலவரைபடங்களும் உதவும். பிறகு அந்தக் கோட்டில் நடந்து போங்கள். சுற்றிலும் செம்மண்ணாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் கிணறு வெட்டும்போது மணல் வந்ததா என்று விசாரியுங்கள். நாவலும் மருதமும் வரிசையாக நிற்கிறதா பாருங்கள். கோடையில் அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் வற்றியும் ஒரு வரிசைக் கிணறுகளில் மட்டும் நல்ல தண்ணீர் கிடக்கிறது என்றால், அடியில் பழைய ஆறு இருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் பட்டாக்காரரிடம் சண்டைக்குப் போகும் தோரணையில் கேட்காதீர்கள். அவர் தாத்தா காலத்திலேயே அது கொல்லையாகியிருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது.

இனி பொக்லைன். நேராக வெட்டினால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும். வேகமாக ஓடும் தண்ணீர் வரத்துக்காலில் ஏறாது, மண்ணில் இறங்காது, கீழ் ஊர்க் கரையில் போய் முட்டும். அங்கே உடைப்பு விழுந்தால் அந்த ஊர்க்காரர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது. ஆறு நெளிந்து போவதற்குக் காரணம் இருக்கிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு கண்மாய்க்கும் தலைவாய் கிடைக்கும்படி அதை நடத்தி வந்திருக்கிறார்கள். சேர்த்த பணத்தை மேல் கண்மாயிலிருந்து உங்கள் கண்மாய் வரைக்கும் வரும் வரத்துக்காலைச் சுத்தம் செய்யவும், இரண்டு கலுங்கின் மட்டத்தையும் லெவல் கருவி வைத்து அளந்து பழைய மட்டத்துக்குக் கொண்டுவரவும் செலவிடுங்கள். பழைய மட்டம் எது என்பதற்குக் கலுங்கின் பக்கச் சுவரில் தண்ணீர்க் கறையும், கரைக்குள் நிற்கும் பழைய மரங்களின் அடியும் சாட்சி சொல்லும். மட்டத்தைத் தொடுவதற்கு முன் கீழ் ஊர்ப் பெரியவர்களை அழைத்து வந்து காட்டிச் சம்மதம் வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம் அதுதான், நியாயமும் அதுதான்.

ஒரு பெரிய விஷயத்தையும் கவனத்தில் வையுங்கள். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாவட்டம் மாயனூர்க் கதவணையிலிருந்து சுமார் 262 கி.மீ. முதல் கட்டம் தெற்கு வெள்ளாறு வரை, இரண்டாம் கட்டம் அங்கிருந்து வைகை வரை, மூன்றாவது குண்டாறு வரை. காவிரியின் வெள்ள நீர் நம் பக்கம் வந்தால் அது பெரிய கொடை, நான் வரவேற்கிறேன். ஆனால் நம் ஓடைகளெல்லாம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இறங்குபவை. அவற்றுக்குக் குறுக்கே ஒரு கால்வாய் போகும்போது, ஒவ்வொரு ஓடைக்கும் கால்வாயின் அடியிலோ மேலோ வழி விட வேண்டும். பெயர் உள்ள ஆறுகளுக்கு வழி விடுவார்கள். பெயர் இல்லாத வரத்துக்காலுக்கு யாராவது கேட்டால்தான் உண்டு. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது சில ஊர்களில் சின்னப் பாலங்கள் விடுபட்டு, மழைத்தண்ணீர் சாலையோரமாகவே ஓடி வேறு ஓடையில் விழுந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. அளவைக்காரர்கள் வரும்போது காட்ட உங்கள் கையில் வரத்துக்கால் வரைபடம் தயாராக இருக்கட்டும்.

உடனே செய்ய வேண்டியது: கண்மாயின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். எது என்று தெரிந்துகொண்டு, கலுங்கு மட்டத்தை அளந்து தரச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உள்வாயில் கரம்பை (படிந்த வண்டல்) எடுப்பதற்கு வட்டாட்சியரிடம் தனியாக அனுமதி வேண்டும். கலுங்குக்கு முன்னால் ஏறியிருக்கும் மேட்டிலிருந்து முதலில் எடுக்கச் சொல்லுங்கள், கரைக்கு அடியிலிருந்து எடுத்தால் கரை சரியும். வேலை எல்லாம் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஐப்பசியில் முதல் கலுங்கு பாயும் அன்று யாரையாவது கரையில் நிற்கச் சொல்லி, எந்த முனையில் முதலில் வழிந்தது, எத்தனை மணி நேரம் கழித்து மறுமுனையில் வழிந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடு எழுதுங்கள், அடுத்து எந்தக் கண்மாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.